தீர்ப்பிட நாம் யார்?

இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களிலே, திங்கட்கிழமைப் பிற்பகல் என்பது கலைஞர் பலருக்கு நெஞ்சிடிக்கும் வேளையாக இருந்தது. வாரத்தின் புதிய நிகழ்ச்சி அன்றுதான் தொடங்கும். கழைக்கூத்தாடியும், பாட்டுக்காரியும், நாய்களைப் பழக்கி ஆட்டங் காட்டுபவனும், சிரிப்பு மூட்டும் இரட்டையரும், மாயவித்தைக்காரனும் ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு வருவர். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோதான். மண்டபத்தின் இருளிலே அரங்கின் முகாமையாளர் அமர்ந்திருப்பார். எந்த ஆட்டம் எத்தனை நிமிடம் நடந்தது, சபையோர் சிரித்தனரா, கைதட்டினரா, எழுந்து போயினரா என்பவற்றை அவர் குறித்துக்கொள்வார். அவர் எழுதும் நாலைந்து வரி தலைமைக் காரியாலயத்துக்குப் போகும். மேடையில் வியர்வை சிந்தியவன் அந்த நாலைந்து வரியைக் காணமாட்டான். ஆனால், அடுத்த மாதம் அவன் உண்பதும் உறங்குவதும் அந்த வரிகளைப் பொறுத்தனவாக இருந்தன.

இவ்வகை அரங்கினை ‘வோடவில்’ என்று வழங்கினர். தமிழிற் சொல்வதானால் பல்சுவை அரங்கு எனலாம். பெஞ்சமின் கீத் என்பவர் 1883ஆம் ஆண்டிலே பொஸ்டன் நகரிற் சிறிய காட்சிச்சாலையொன்றைத் தொடங்கினார்; 1885ஆம் ஆண்டிலே காலை முதல் இரவு வரை இடைவிடாது ஆட்டம் நடக்கும் முறையைக் கையாண்டார். எட்வர்ட் அல்பீ அவருக்குத் துணையானார். நாளடைவில் இவ்விருவரின் பெயராலும் ஒரு பெரும் அரங்கத் தொடரே எழுந்தது. தொழிலாளரும், எழுதுவினைஞரும், கடல்கடந்து வந்து குடியேறியோரும் குடும்பத்தோடு வந்து அமரும் இடமாக அது விளங்கியது. நல்ல அரங்கொன்றில் ஒரு வேளைக்கு எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்கள் இருக்கும். முதலாவது ஆட்டம் பெரும்பாலும் பேச்சில்லாத வித்தையாகவே அமையும். சபையோர் அப்பொழுதுதான் இருக்கை தேடிக்கொண்டிருப்பர். இறுதி ஆட்டம் எழுந்து போகிறவர்களின் முதுகைப் பார்த்து ஆடவேண்டியது. இறுதிக்கு முந்திய இடமே புகழ்பெற்றோருக்கு உரியது. ஒருவன் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டான் என்பதே அவன்மீது விதிக்கப்பட்ட ஒரு தீர்ப்பாகும்.

முகாமையாளர்கள் எழுதிய அறிக்கைகள் அழிந்துபோய்விடவில்லை. 1902 முதல் 1923 வரையிலான அறிக்கைப் புத்தகங்கள் அயோவாப் பல்கலைக்கழக நூலகத்திலே பேணப்படுகின்றன. ஒரு காலத்து மக்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எதைக் கண்டு கொட்டாவி விட்டார்கள் என்பதை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளருக்கு அவை பெருஞ் செல்வம். நமக்கோ அவை வேறொரு வினாவை எழுப்புகின்றன. ஒரு மனிதனின் திறமையை மற்றொரு மனிதன் எடைபோடும் உரிமை எங்கிருந்து வருகிறது? எடைபோடுவது தவிர்க்கமுடியாதது என்றால், அதனை அறத்தோடு செய்வது எவ்வாறு?

இது மேடைக்காரர்களின் சில்லறைப் பிரச்சினை என்று தள்ளிவிடுவதற்கில்லை. இவ்விதழைப் படிப்போரிற் பலர் ஆசிரியர்கள், ஏனையோர் மாணவர்கள். ஒரு சாரார் நாள்தோறும் தீர்ப்பிடுகிறோம். மற்றொரு சாரார் நாள்தோறும் தீர்ப்பைப் பெறுகிறார்கள். சிவப்பு மை கொண்டு நாம் இடும் ஓர் எண், ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்தின் வாயிலிலும் கொண்டுபோய் விடலாம், பட்டறையின் வாயிலிலும் கொண்டுபோய் விடலாம். ஆகவே, இருளில் அமர்ந்திருந்த அந்த முகாமையாளரை நாம் அயலாராகக் கருதமுடியாது. அவர் நமது உறவினர்.

முதலில், அவருக்குச் சார்பாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவோம். அவர் ஆட்டத்தை முழுவதும் பார்த்தார். ஒன்றையும் பாராமல், பெயரைக் கேட்டும் சாதியைக் கேட்டும் மதிப்பிடுகிற பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்துவிடவில்லை. அவரோ வாரந்தோறும் அமர்ந்து, பார்த்து, நேரத்தைக் கணக்கிட்டு, கண்டதை எழுதினார். பல ஆண்டுகளாகப் பலநூறு ஆட்டங்களைக் கண்டமையால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. மெய்யான உழைப்பையும் போலியையும் பிரித்தறியும் கண் அவருக்கு இல்லையென்று யாரும் சொல்லமுடியாது.

எனினும், அவருடைய தராசிலே பொருள் வைக்கும் தட்டு நேராக இருந்தாலும் படிக்கற்கள் யாருடையவை என்று கேட்கவேண்டியிருக்கிறது. ‘இந்த ஆட்டம் நல்லதா?’ என்பது அவருக்கு இடப்பட்ட வினா அன்று. ‘இந்த ஆட்டத்துக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிட அதிகமாக இது நுழைவுச்சீட்டை விற்றுத் தருமா?’ என்பதே வினா. கீத் அரங்குகள் கண்ணியமான குடும்பங்கள் வரும் இடம் என்று பெயரெடுக்க விரும்பின. ஆகவே, கொச்சைச் சொற்களை மேடையிற் சொல்லலாகாது என்ற எச்சரிக்கை மேடைக்குப் பின்னாலே கலைஞருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. மீறினால் வேலை போய்விடும். கண்ணியத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால், விற்பனைக்கு வைக்கப்பட்ட கண்ணியம் ஒழுக்கத்தின் பெயரைச் சூடிக்கொண்டு வரும்போது அதனை இனங்கண்டுகொள்வது நம் கடமை.

இதனினும் பாரதூரமானது வேறொன்று. முகாமையாளர் ஒருவர் ஓர் ஆட்டத்தைப் பிழையாக மதிப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அரங்குகள் பல கையில் இருக்குமானால் அப்பிழை பெரிதன்று. கலைஞன் அடுத்த தெருவிலுள்ள அரங்குக்குப் போவான். அந்த வழி அடைக்கப்பட்டது. 1906ஆம் ஆண்டிலே கீத், அல்பீ குழுவினர் ‘ஐக்கிய ஒப்பந்தக் காரியாலயம்’ என்ற அமைப்பை ஏற்படுத்தினர். அதன்பின், பெரிய அரங்குகளில் ஆட விரும்புவோர் அதன் வழியாகவே வரவேண்டும். தமது சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்தை அதற்குத் தரவேண்டும். வேலை கொடுப்பவனே, வேலை தேடித் தந்ததற்குக் கூலியும் கேட்டான். இந்நிலையிலே ஓர் அறிக்கையின் நாலு வரி, ஒரு மனிதனின் அபிப்பிராயம் என்ற அளவில் நிற்கவில்லை. அது சட்டமாயிற்று, சிலவேளை தண்டனையாயிற்று. ஒரே கருத்து, அதிகாரமற்றவன் வாயில் இரசனையாகவும், ஏகபோகத்தின் வாயில் ஆயுள் தண்டனையாகவும் மாறுகிறது. தீர்ப்பின் நியாயத்தைப் பற்றி ஆராய்கிறவர் தீர்ப்பிடுபவனின் அறிவை மாத்திரம் ஆராய்ந்தாற் போதாது; அவன் கையிலுள்ள அதிகாரத்தையும் அளந்து பார்க்கவேண்டும்.

கலைஞர்கள் வாளாவிருக்கவில்லை. 1900ஆம் ஆண்டிலே ‘வெள்ளை எலிகள்’ என்ற விந்தையான பெயருடைய சங்கமொன்றை நியூ யோர்க் நகரில் அமைத்தனர். இலண்டன் பல்சுவைக் கலைஞர் அமைத்திருந்த ‘நீர் எலிகள்’ என்ற சங்கமே அதற்கு முன்மாதிரி. தமது சம்பளத்திலிருந்து தரகு பிடிப்பதை எதிர்த்து 1901ஆம் ஆண்டில் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1916, 1917ஆம் ஆண்டுகளில் மீண்டும் ஒரு போராட்டம் நடந்தது. அல்பீயோ அதற்கு மாற்றாக முதலாளிகளின் ஆதரவிலேயே கலைஞர் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். போராடியோரின் பெயர்கள் கறுப்புப் பட்டியலில் ஏறின. போராட்டம் முறிந்தது. அப்பட்டியலில் ஏறியவனின் ஆட்டம் திங்கட்கிழமை எவ்வளவு சிறப்பாக இருந்திருக்கும் என்பது பற்றி யாருக்குங் கவலையில்லை. அவன் ஆடுவதற்கு மேடையே இல்லை.

இந்த இடத்திலே கதையை முடித்து, ‘முதலாளி தீயவன், கலைஞன் நல்லவன்’ என்று சொல்லிவிடுவது நமக்கு வசதியாக இருக்கும். உண்மை அவ்வளவு வசதியானதன்று. ‘வெள்ளை எலிகள்’ என்ற பெயரிலுள்ள ‘வெள்ளை’ பெயரளவில் நின்றுவிடவில்லை. அச்சங்கம் வெள்ளையின ஆடவருக்காகவே அமைந்தது. கறுப்பினக் கலைஞருக்கு அங்கு இடமில்லை. பெண்களும் உரிய அங்கத்தவராக ஏற்கப்படவில்லை. தம்மீது பிறர் இடும் தீர்ப்பு அநீதியானது என்று முழங்கியவர்கள், தம்மோடு ஒரே மேடையில் வியர்வை சிந்திய சக தொழிலாளிமீது, அவனுடைய ஆட்டத்தைப் பாராமலே தீர்ப்பிட்டுவிட்டார்கள். நீதிக்காகப் போராடுகிறவன் என்பதனால் ஒருவன் நீதிமானாகிவிடுவதில்லை. முற்போக்காளர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் இப்பாடத்தை மற்றெவரிலும் பார்க்க நன்றாகப் படிக்கவேண்டும்.

தீர்ப்பிட்டவருக்கும் ஒரு நாள் தீர்ப்பு வந்தது. பேசும் படம் வந்ததும் மூலதனம் திசைமாறியது. 1928ஆம் ஆண்டிலே அல்பீயின் அரங்கத் தொடர் அவர் கையைவிட்டுப் போய், திரைப்படக் கொம்பனியொன்றின் பகுதியாயிற்று. 1913ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, பல்சுவைக் கலையின் தலைமைப் பீடமாக விளங்கிய நியூ யோர்க் ‘பலஸ்’ அரங்கு 1932ஆம் ஆண்டிலே படமாளிகையாக மாறியது. ஆயிரம் கலைஞரை எடைபோட்டவரை அவரினும் பெரிய தராசு எடைபோட்டுக் கீழே வைத்தது. இதனைக் கண்டு மகிழ்வதற்கொன்றுமில்லை. முகாமையாளரோடு சேர்ந்து கழைக்கூத்தாடியும் தெருவுக்கு வந்தான்.

முதலாளியின் தராசு கோணலானது என்றால், தராசை மக்களிடமே கொடுத்துவிட்டால் என்ன? இதற்கும் வரலாற்றில் ஒரு சோதனை நடந்திருக்கிறது.

நியூ யோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் 125ஆவது தெருவிலே 1914ஆம் ஆண்டில் ஓர் அரங்கு திறக்கப்பட்டது. அக்காலத்திலே கறுப்பின மக்கள் பார்வையாளராக அதனுள் நுழையமுடியாது. ஹார்லெம் கறுப்பின மக்களின் நகரமாக மாறியபின்பும் அந்தத் தடை நெடுநாள் நீடித்தது. 1934ஆம் ஆண்டிலே அவ்வரங்கு ‘அப்பொலோ’ என்ற பெயரோடு எல்லார்க்கும் கதவைத் திறந்தது. அவ்வாண்டிலேயே அங்கு புதன்கிழமை இரவுகளிற் புதியோர் போட்டி தொடங்கியது. றால்ஃப் கூப்பர் என்ற கலைஞர் அதனை நடத்தினார். நடுவர் குழு என்று ஒன்றில்லை, மண்டபமே நடுவர். போட்டியாளர் மேடைக்கு வருமுன், மேடையோரத்தில் வைக்கப்பட்டிருந்த மரக்கட்டையொன்றைத் தொட்டுத் தடவிவிட்டு வருவர். அது ‘நம்பிக்கை மரம்’ எனப்பட்ட ஒரு மரத்தின் துண்டு. ஏழாவது அவெனியூவிலே, வேலை தேடிய கறுப்பினக் கலைஞர் தொட்டு வேண்டிக்கொண்ட மரம் அது. வீதிக்காக அது வெட்டப்பட்டபோது அதன் துண்டொன்று அப்பொலோவுக்கு வந்து சேர்ந்தது.

சபைக்குப் பிடித்தால் மண்டபம் அதிரும். பிடிக்காவிட்டால் கூச்சல் எழும். கோமாளி வேடமிட்ட ஒருவர் ஓடிவந்து போட்டியாளரை மேடையிலிருந்து விரட்டுவார். அதற்கு முந்திய தலைமுறையில், நியூ யோர்க் அரங்குகளிலே நீண்ட கொக்கித் தடியால் ஆட்டக்காரனை இழுத்தெடுக்கும் வழக்கமும் இருந்தது. இவற்றிலுள்ள குரூரத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால், வேறொன்றையும் கவனிக்கவேண்டும். எந்த மண்டபத்துள் நுழையவே உரிமையற்றிருந்தனரோ, அந்த மண்டபத்திலேயே அம்மக்கள் தீர்ப்பிடும் தானத்தில் அமர்ந்தனர். சமையற்காரியும், மின்தூக்கி இயக்குபவனும், சலவைத் தொழிலாளியும் பகல் முழுவதும் பிறருடைய தீர்ப்புக்குத் தலைகுனிந்துவிட்டு, இரவில் வந்து ‘இது நன்று, இது நன்றன்று’ என உரத்துச் சொன்னார்கள். தன் இரசனைக்கு மதிப்புண்டு என்று ஒரு மனிதன் உணர்வது அற்ப விஷயமன்று. அது குடியுரிமையின் ஒரு பகுதி.

1934ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி இரவு பதினேழு வயதுப் பெண்ணொருத்தி அம்மேடைக்கு வந்தாள். தாயை இழந்தவள், அநாதை விடுதியிலும் சீர்திருத்தப் பாடசாலையிலும் அடைபட்டிருந்து, அங்கிருந்து தப்பி வந்து, நிலையான வீடின்றி ஹார்லெம் தெருக்களில் அலைந்தவள். நடனமாடுவதற்கென்றே அவள் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்கு முன் சகோதரிகள் இருவர் மிகச் சிறப்பாக ஆடிவிட்டதைக் கண்டு, அவர்களுக்குப் பின் ஆட அஞ்சி, அந்தக் கணத்திலே பாடுவதென்று முடிவு செய்தாள். பாடினாள். மண்டபம் அவளைத் தன்னவளாக ஏற்றுக்கொண்டது. முதற் பரிசு இருபத்தைந்து டொலர். அவளே பின்னாளில் உலகறிந்த எலா பிட்ஸ்ஜெரால்ட்.

இக்கதையைப் பலர் இவ்விடத்தோடு நிறுத்திவிடுவர். நாம் இன்னும் ஓர் அடி செல்லவேண்டும். வெற்றி பெற்றவருக்குப் பணத்தோடு, அவ்வரங்கிலே ஒரு வாரம் தொழில்முறைக் கலைஞராகத் தோன்றும் வாய்ப்பும் உண்டு. அந்த வாய்ப்பு அவளுக்குத் தரப்படவில்லை. அவளுடைய அழுக்குப் படிந்த உடையும் சீர்கெட்ட தோற்றமுமே காரணமென்பர் அவளுடைய வரலாற்றை எழுதியோர். ஒரே இரவில் ஒரே பெண்ணின்மீது இரண்டு தீர்ப்புகள்! பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த மக்கள் கூட்டம் அவளுடைய குரலைக் கேட்டது. அரங்கை நடத்தியோர் அவளுடைய உடையைப் பார்த்தனர். வறுமை என்பது அவளுடைய கலையின் குறை அன்று. அது அவளை அந்நிலையில் வைத்திருந்த சமுதாயத்தின் குறை. சமுதாயத்தின் குற்றத்துக்கான தண்டனை குற்றத்துக்கு ஆளானவளுக்கே விதிக்கப்பட்டது.

இதை எழுதும்போது நம் கை கூசுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் பேச்சுப் போட்டியொன்றுக்கு நாம் நடுவராக இருந்தோம். நமக்குத் தரப்பட்ட புள்ளித் தாளிலே பொருள், மொழி, உச்சரிப்பு என்பவற்றோடு ‘தோற்றம்’ என்றும் ஒரு வரி இருந்தது. அதற்குப் பத்துப் புள்ளி. கடற்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் பேசினான். யாரிடமோ இரவலாகப் பெற்ற சட்டை. கை விரல்வரை தொங்கியது. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை அதனை மேலே தள்ளிக்கொண்டான். சொன்ன பொருளோ அன்றைய பேச்சுகளுள் மிகவும் கனதியானது. நாம் அந்த வரியில் மூன்று புள்ளி இட்டோம். தயக்கமின்றியே இட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கூட்டிப் பார்த்தபோது இரண்டு புள்ளியால் அவன் முதலிடத்தை இழந்திருந்தான். மாவட்டப் போட்டிக்கு வேறொருவன் போனான். நம்மை யாரும் ஏவவில்லை. நம்மிடம் கறுப்புப் பட்டியலும் இல்லை. ஒரு தாளும் ஒரு வரியும் போதுமாயிருந்தன.

இனி, அப்பொலோவின் மக்கள் கூட்டத்துக்கு மீள்வோம். உடையைத் தாண்டிக் குரலைக் கேட்டது அது என்றோம். ஆகவே, கூட்டம் எப்பொழுதும் நீதியானது என்று கொள்ளலாமா? கொள்ளமுடியாது.

பேர்ட் வில்லியம்ஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1874ஆம் ஆண்டில் பஹாமாத் தீவுகளிற் பிறந்த கறுப்பினக் கலைஞர். பல்சுவை மேடையின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகருள் ஒருவர். 1910ஆம் ஆண்டிலே நியூ யோர்க்கின் மிகப் பகட்டான மேடையாகிய ‘சிக்பெல்ட் பொலீஸ்’ நிகழ்ச்சியில், வெள்ளைக் கலைஞர் நடுவே இடம்பெற்றவர். அவர் மேடைக்கு வருமுன் தம் முகத்திலே எரித்த தக்கையின் கரியைப் பூசிக்கொண்டு வந்தார். கறுப்பரைக் கேலி செய்வதற்காக வெள்ளையர் முகத்திற் பூசிக்கொண்ட கரியை, கறுப்பராகிய அவரும் பூசிக்கொள்ளவேண்டியிருந்தது. கூட்டம் அந்த வேடத்தை எதிர்பார்த்தது, கைதட்டியது. 1922ஆம் ஆண்டில் அவர் இறக்கும் வரை அக்கைதட்டல் ஓயவில்லை. அக்கைதட்டலிலே அவருடைய திறமைக்கு எவ்வளவு, தமது இறுமாப்புக்கு எவ்வளவு என்று அச்சபையோர் பிரித்துப் பார்த்தார்களா? கூட்டம் தான் கற்றுக்கொடுக்கப்பட்டதையே கைதட்டுகிறது. தப்பெண்ணத்தைக் கற்றுக்கொடுத்தால் தப்பெண்ணத்துக்குக் கைதட்டும். மக்களின் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு என்பது மேடைப் பேச்சுக்கு அழகு, ஆராய்ச்சிக்குப் போதாது.

அப்பொலோவின் கூட்டம் வேறு விதமாகத் தீர்ப்பிட்டதற்கும் காரணம் உண்டு. அங்கு மேடையில் நின்றவளும் மண்டபத்தில் இருந்தவர்களும் ஒரே தெருவின் மக்கள். இரவல் உடை என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவே அவர்களை உடையைத் தாண்டிச் செல்லவைத்தது. ஆயினும், அந்த மண்டபத்தின் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு முதல் அதனை நடத்திய பிராங் ஷிப்மன் வெள்ளையினத்தவர். கலைஞர் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் குறிப்பட்டைகள் எழுதிவைத்தார். சம்பளமும் அபிப்பிராயமும் அவற்றில் உண்டு. அவை இன்று வொஷிங்டன் நகரிலே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. கைதட்டியது கூட்டம், கணக்கெழுதியது வேறொரு கை.

அறிஞரிடம் கேட்டால் வழி பிறக்குமா? ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1757ஆம் ஆண்டிலே இரசனையின் அளவுகோலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல நடுவனுக்கு வேண்டிய இலக்கணங்களை அவர் வகுத்தார்: நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்புநோக்கும் ஆற்றல், தப்பெண்ணமின்மை, நல்லறிவு. இவற்றைவிடச் சிறந்த பட்டியலை நாமும் தரமுடியாது. ஆனால், தப்பெண்ணம் கூடாதென்று எழுதிய அதே கரம், 1750களில் வேறொரு கட்டுரைக்குச் சேர்த்த அடிக்குறிப்பிலே, கறுப்பின மக்கள் இயல்பிலேயே வெள்ளையரிலும் தாழ்ந்தவர் என்ற கருத்தை எழுதியது. தப்பெண்ணத்தின் தன்மை அதுதான். அது இருக்கும் இடத்தில் அது தப்பெண்ணமாகத் தோன்றுவதில்லை. கண்ணுக்கு முன்னுள்ள உண்மையாகவே தோன்றுகிறது. நாம் மூன்று புள்ளி இட்டபோதும் அவ்வாறுதான் தோன்றியது.

‘அப்படியானால் தீர்ப்பிடுவதையே விட்டுவிடலாமே! எல்லாம் ஒவ்வொரு வகையில் நல்லதே என்று சொல்லிவிடலாமே!’ என்று நம் மாணவருள் ஒருவர் கேட்கக்கூடும். கேட்பது நல்லுள்ளம்; விடை தவறானது. எல்லாவற்றையும் நன்று என்று சொல்கிறவன் எதையும் பார்க்காதவன். பத்தாண்டுகள் பயின்று பந்துகளை வீசிப் பிடிக்கிறவனையும், நேற்றுத் தொடங்கியவனையும் ஒரே புன்னகையால் வரவேற்பது, பத்தாண்டு உழைப்பை அவமதிப்பதாகும். அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கிடைத்த கைதட்டல் அவளுக்கு வாழ்வளித்ததற்குக் காரணம், அந்த மண்டபம் கூச்சலிடவும் வல்லது என்பதை அவள் அறிந்திருந்தமையே. மறுக்கத் தெரியாத சபையின் ஒப்புதலுக்குப் பெறுமதியில்லை. உழைப்பை மதிக்கிறவன் உழைப்பின் விளைவை மதிப்பிட்டே ஆகவேண்டும்.

எனவே, வினா ‘தீர்ப்பிடலாமா’ என்பதன்று. ‘எந்த நிபந்தனைகளோடு’ என்பதே. மேற்காட்டிய வரலாற்றிலிருந்து நாம் நான்கு நிபந்தனைகளைப் பெறலாம் என்று கருதுகிறோம்.

முதலாவது, எதைத் தீர்ப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்கவேண்டும். பாட்டுக்காரியின் பாட்டைத் தீர்ப்பிடலாம். அவளுடைய சட்டையை, நிறத்தை, பிறந்த ஊரைத் தீர்ப்பிடலாகாது. இரண்டாவது, காரணம் சொல்லப்படவேண்டும். அதுவும் தீர்ப்புக்குள்ளானவனிடமே சொல்லப்படவேண்டும். முகாமையாளரின் அறிக்கையிலே கூரிய கருத்துகள் இருந்திருக்கலாம்; கலைஞன் அவற்றைக் கண்டிருந்தால் திருந்தியுமிருப்பான், மறுத்துமிருப்பான். இரகசியமாக எழுதப்படும் தீர்ப்பு கற்பிப்பதில்லை, கழித்துவிடுகிறது. மூன்றாவது, ஒரு தீர்ப்பின்மீது ஒருவனுடைய சோறு முழுவதும் தங்கியிருக்கக்கூடாது. கூச்சலிட்டு விரட்டப்பட்டவன் அடுத்த புதன்கிழமையும் வரலாம் என்றிருந்தால் அந்தக் கூச்சலைத் தாங்கலாம். எல்லா மேடைகளும் ஒரு கையில் இருக்கும்போது மெல்லிய முணுமுணுப்பும் கழுத்தை நெரிக்கும். நான்காவது, தீர்ப்பிடுபவனும் தீர்ப்புக்கு உட்பட்டவனாக இருக்கவேண்டும். கேள்வி கேட்கமுடியாத நடுவன் நடுவனல்லன், எசமான்.

இந்நான்கினுள் முதலாவதும் இரண்டாவதும் தனி மனிதரின் மனச்சாட்சியால் ஓரளவு நிறைவேறக்கூடியவை. மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறு நிறைவேறமாட்டா. அவை சமுதாய அமைப்பைச் சார்ந்தவை. நல்ல முகாமையாளர் ஒருவர் அந்தக் காரியாலயத்தில் அமர்ந்திருந்தாலும், அவர் எழுதிய நாலு வரி அதே கொலைக் கருவியாகவே இருந்திருக்கும். அறம் என்பது உள்ளத்தின் தூய்மை மாத்திரமே என்று எண்ணுவோர் இவ்விடத்திலே சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

இன்று தொலைக்காட்சிகளிலே நடைபெறும் ‘திறமை’ப் போட்டிகளைக் காண்கிறோம். நடுவர்கள் ஒளிவெள்ளத்தில் அமர்ந்திருக்கிறார்கள்; மக்கள் தொலைபேசியால் வாக்களிக்கிறார்கள். இருளில் அமர்ந்த முகாமையாளரைக் காணோம். அவர் போய்விட்டார் என்று நினைத்துவிடக்கூடாது. பாடகனின் பாட்டைவிட அவனுடைய வறுமையைச் சொல்லும் சிறு படம் நீளமாக ஓடும்போது, விம்மி அழும் தாயின் முகத்தை ஒளிப்படக் கருவி தேடிப் போகும்போது, விளம்பரதாரரின் பெயர் நடுவரின் தலைக்கு மேலே மின்னும்போது, அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பது தெரிகிறது. அன்று வறுமையை மறைக்காததற்காக ஒரு பெண்ணுக்கு மேடை மறுக்கப்பட்டது. இன்று வறுமையை விரித்துக் காட்டுவதற்காக மேடை கொடுக்கப்படுகிறது. இரண்டிலும் குரல் இரண்டாம் இடத்துக்கே போகிறது.

அந்த மாணவனைப் பற்றி ஒரு செய்தி சொல்லி முடிக்கவேண்டும். போட்டிக்கு அடுத்த ஆண்டு நடுவர் கூட்டத்திலே ‘தோற்றம்’ என்ற வரியை நீக்கவேண்டும் என்று நாம் கேட்டோம். ஒழுங்கும் துப்புரவும் கல்வியின் பகுதியல்லவா என்று மூத்த ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். அவருடைய வாதத்திலும் உண்மை இல்லாமலில்லை. நெடுநேர விவாதத்தின் பின் பத்துப் புள்ளி ஐந்தாயிற்று. அவ்வளவே நம்மால் இயன்றது. சென்ற ஆண்டு, மோட்டார்ப் படகு திருத்தும் இடமொன்றில் அவனைக் கண்டோம். கை முழுவதும் எண்ணெய். “அன்று ஒரு பிழை நேர்ந்துவிட்டது, தம்பி” என்றோம். “அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சு, சேர்” என்றான். எந்தப் பிழை என்று அவன் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் போட்டிகள் தொடங்குகின்றன. நம்மிற் பலருடைய கைக்குப் புள்ளித் தாள்கள் வரும். எண்ணை இடுமுன், அந்த எண் எதை அளக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். இட்டபின், அதற்கான காரணத்தை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வோம். சொல்லமுடியாத காரணம் எதுவோ, அது தாளிலும் இருக்கத் தகாதது.